பூந்தமல்லி நீதிமன்றமும் பாதுகாப்புச் சட்டங்களும்

தமிழ்நாட்டில் பயங்கரவாத வழக்கு என்றால் பூந்தமல்லி என்ற ஊர்ப்பெயரும் கூடவே வரும். 1990-களில் தடா நீதிமன்றம் இங்கேதான் இயங்கியது. 2002-க்குப் பின் பொடா வழக்குகள் இங்கே வந்தன. இப்போது தேசியப் புலனாய்வு முகமை தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமும் இங்கேதான் இருக்கிறது. தடா 1995-இல் காலாவதியானது. பொடா 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அவற்றின் கடுமையான விதிகளில் சில மட்டும் இன்று நடைமுறையில் உள்ள சட்டத்துக்குள் வந்து குடியேறிவிட்டன. ஒரு சட்டம் போய் இன்னொன்று வரும்போது எது போகிறது, எது தங்குகிறது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் குடிமக்களின் உரிமை எந்த இடத்தில் குறைகிறது என்பது விளங்கும்.

இந்திய அரசியலமைப்பில் இதற்கான இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. 21-ஆவது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு. தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இவை பொருந்தா என்று அதே பிரிவு அடுத்த வரிகளிலேயே விலக்கும் அளிக்கிறது. குற்றம் செய்ததற்காக அன்றி, செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரை அடைத்து வைப்பதே தடுப்புக் காவல். போர்க்காலத்துக்கு உரிய இந்த அதிகாரத்தை அமைதிக் காலத்துக்கும் உரியதாக, அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே எழுதி வைத்த ஜனநாயக நாடுகள் மிகக் குறைவு.

குடியரசு பிறந்து ஒரு மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற முதல் பெரிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்தே போனது: கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் வழக்கு. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்று 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயாது என்பது அதன் சாரம். இந்தப் பார்வை 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் மாறியது. அதே 1950 மே மாதம், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாகாணத்துக்குள் விடாமல் தடுத்த உத்தரவை ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்தது.

1971-இல் வந்த மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின் முழு முகமும் நெருக்கடி நிலையின்போது தெரிந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும் தமிழ்நாட்டில் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் அடிபட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் பதிவு செய்தது. அந்த ஏப்ரலில்தான், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறுபட்டவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே. அந்தத் தீர்ப்பு தவறு என்று நீதிமன்றமே வெளிப்படையாக ஒதுக்கித் தள்ளியது 2017-இல்.

மிசா போனபின் வந்த சட்டங்களில் தடா தனி வகை. அது தடுப்புக் காவல் சட்டம் அன்று, தண்டனைச் சட்டம். குற்றத்தை வரையறுத்து, வழக்குத் தொடுத்து, விசாரித்துத் தண்டிக்கும் சட்டம். பஞ்சாப் நிலவரத்தைக் காட்டி 1985-இல் இரண்டாண்டுக் காலத்துக்கு என்று கொண்டுவரப்பட்டது. 1987-இல் மீண்டும் இயற்றப்பட்டு, இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, 1995 மே 23 அன்று முடிவுக்கு வந்தது. சாதாரணக் குற்றவியல் நடைமுறையிலிருந்து அது பல இடங்களில் விலகியது. காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலேயே முதலில் ஓராண்டு வரையும், 1993 திருத்தத்துக்குப் பின் 180 நாள் வரையும் (நீதிமன்றம் நீட்டித்தால் ஓராண்டு வரையும்) காவலில் வைக்கலாம். குற்றவாளி அல்லர் என்று நம்ப முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலொழியப் பிணை கிடையாது. விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கலாம். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகாது, நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான்.

இவற்றில் வாக்குமூல விதியின் பாரம் பெரிது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். எழுதியவர்கள் வெள்ளைக்கார ஆட்சியாளர்கள். காவல் நிலையத்தில் ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்ததால் வந்த பிரிவு அது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் அதை விலக்கியது. இலங்கையிலும் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதையே செய்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும் பதிவு செய்த வாக்குமூலம் அங்கே சாட்சியம். அந்த ஒரு விதியைக் கொண்டு தண்டிக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்றும் இருக்கின்றன.

இந்த விதி ஒரு வழக்கில் எப்படி வேலை செய்தது என்பதைப் பூந்தமல்லியில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டுகிறது. 1991 மே 21 இரவு, பூந்தமல்லியிலிருந்து மேற்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமரும், பணியிலிருந்த காவலர்கள் உட்படப் பலரும் குண்டுவெடிப்பில் மடிந்தனர். கொடிய குற்றம். அதை விசாரித்துத் தண்டிக்க வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு 41 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களுள் 12 பேர் இறந்துவிட்டனர். மூவர் தலைமறைவானவர்களாக அறிவிக்கப்பட்டனர். எஞ்சிய 26 பேர் பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். பத்திரிகைக்கும் பொதுமக்களுக்கும் அனுமதி இல்லாத விசாரணை அது. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார்.

மரண தண்டனை விதிக்கப்பட்ட எந்தச் சாதாரண வழக்கும் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பின்னரும் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. தடா இடையிலுள்ள படியை எடுத்துவிட்டதால் 26 உயிர்களுக்கு ஒரே ஒரு மேல்முறையீடுதான் மிஞ்சியது. நீதிபதிகள் கே.டி.தாமஸ், வாத்வா, காத்ரி ஆகியோர் அடங்கிய அமர்வு 1999 மே 11 அன்று தீர்ப்பு வழங்கியது. நால்வரின் மரண தண்டனை உறுதியானது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மற்ற 19 பேர் வெளியே வந்தனர். அவர்களுள் சிலர்மீது சிறு குற்றங்கள் மட்டும் நிலைத்தன. அவற்றுக்கான தண்டனைக் காலம் உள்ளே இருந்தபோதே கழிந்துவிட்டது. கீழ் நீதிமன்றத்தில் தூக்கு என்று கேட்ட 26 பேரில் 19 பேர் பதினைந்து மாதம் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார்கள். இடையே ஏழெட்டு ஆண்டுகள் சிறையில் போயிருந்தன.

அந்தத் தீர்ப்பில் சட்டம் படிப்பவர் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நடந்தது தடா சட்டம் வரையறுக்கும் பயங்கரவாதச் செயலே அன்று, அரசை மிரட்டும் நோக்கமோ மக்களிடையே பீதி பரப்பும் நோக்கமோ நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டது. தடா குற்றச்சாட்டுகள் ஒட்டுமொத்தமாக விழுந்தன. ஆனால் தடாவின்கீழ் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்களை, அதே விசாரணையில் சேர்ந்து வந்த கொலை, சதிக் குற்றங்களுக்கும் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வழக்கு தடா வழக்கு இல்லை என்று ஆனபின்பும் தடாவின் சாட்சியம் மட்டும் நின்றது. சிறப்புச் சட்டத்தின் விளைவு அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் அடங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியச் சட்ட வரலாற்றில் அரிது.

மரண தண்டனை உறுதியான நால்வருள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலம் இதன் இன்னொரு பக்கம். 1991 ஜூன் 11 அன்று கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி, கொலைச் சதியின் முக்கியப் புள்ளியான சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், அந்தப் பேட்டரிகள் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதே வழக்கின் உயிர்நாடி. அந்த ஒரு வரி தாளில் ஏறாமல் போனது. சாதாரணச் சட்டத்தில் போலீஸ் எழுதிய தாள் நீதிமன்றத்தில் சாட்சியமாகவே ஏறியிருக்காது. எழுதாமல் விட்ட வரிக்கும் இந்தக் கனம் வந்திருக்காது. 2014 பிப்ரவரி 18 அன்று அவரும், அதே நால்வரில் இருந்த முருகனும் சாந்தனும் கருணை மனு தாமதத்தின் காரணமாகத் தூக்கிலிருந்து தப்பினர். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. அதற்குள் 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தடா செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1994 மார்ச்சில் கர்த்தார் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. வாக்குமூலப் பிரிவு குறித்து ஐந்து நீதிபதிகளில் ராமசாமி, சகாய் ஆகிய இருவர் மாறுபட்டனர். போலீஸிடம் தரும் ஒப்புதலை நம்பலாம் என்று சொல்வதே நியாயமான நடைமுறைக்குப் புறம்பு என்பது அவர்கள் நிலை. பின்னால் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. தடாவில் நாடு முழுவதும் 67,000-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டதாகவும், தண்டிக்கப்பட்டவர்கள் 725 பேர் என்றும் 1994-இல் அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் அன்றைய தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா இதை நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். தடா நின்றது. நடந்துகொண்டிருந்த வழக்குகள் நிற்கவில்லை. காலாவதியான சட்டத்தின்கீழேயே பூந்தமல்லித் தீர்ப்பு மூன்றாண்டு கழித்து வந்தது.

அடுத்தது பொடா. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் உலகெங்கும் இத்தகைய சட்டங்கள் அணிவகுத்தன. இந்தியாவில் அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. மாநிலங்களவை நிராகரித்ததால் 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டு அமர்வைக் கூட்டி, 425-க்கு 296 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றினர். வாக்குமூல விதி திரும்ப வந்தது. வாக்குமூலம் கொடுத்தவரை 48 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்ற காப்பு மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் முதலில் பாய்ந்தது மேடைப் பேச்சின்மீது. 2002 ஜூன் 29 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாகப் பேசினார் என்று ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ ஜூலை 11 அன்று, அமெரிக்காவிலிருந்து திரும்பிய கையோடு சென்னை விமான நிலையத்தில் கைதானார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். பொடாவைக் கொண்டுவந்த கூட்டணி அரசில் அவரது கட்சியும் அங்கம். ஆகஸ்டில் பழ.நெடுமாறன் கைதானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ‘நக்கீரன்’ ஆசிரியர் கோபால். வேலூர் மத்திய சிறையிலிருந்து பூந்தமல்லி பொடா நீதிமன்றத்துக்கு வைகோவைப் போலீஸ் வாகனத்தில் அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோவதும், வழிநெடுகக் கட்சிக்காரர்கள் கொடியோடு நிற்பதும் அந்த நாள்களின் வழக்கமான காட்சி. ஏறத்தாழ பத்தொன்பது மாதம் கழித்து 2004 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

இதனால் சட்டத்துக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. 2003 டிசம்பர் 16 அன்று பொடா செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தடை செய்யப்பட்ட அமைப்புக்கு வாய்வார்த்தையில் ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்று விளக்கியது. பேசுவதையும் செய்வதையும் பிரித்துக் காட்டிய அந்த வரியை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். 2004-இல் மத்தியச் சீராய்வுக் குழு, வைகோமீதான வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்றது. ஆனால் அந்தப் பத்தொன்பது மாதச் சிறைவாசம் அதற்குள் முடிந்துவிட்டது. தீர்ப்பே இல்லாமல் அனுபவிக்கப்பட்ட தண்டனை அது.

2004-இல் ஆட்சி மாறியது. பொடா போயிற்று. போன அன்றே அதன் பெரும்பகுதி வேறொரு சட்டத்துக்குள் இடம்பெயர்ந்தது. 1967-இல் பிரிவினைவாத அமைப்புகளைத் தடை செய்வதற்காக இயற்றப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், பேச்சுவழக்கில் உபா, திருத்தப்பட்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாகவும் ஆனது. போலீஸ் வாக்குமூல விதியை அதில் சேர்க்கவில்லை. இதை ஒப்புக்கொண்டு பாராட்ட வேண்டும். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. டிசம்பரில் ஒரே மூச்சில் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டமும் உபா திருத்தமும் வந்தன. 180 நாள் காவலும் கடுமையான பிணை விதியும் அப்போது திரும்பின. 2019 திருத்தம், அமைப்புகளை மட்டுமன்றித் தனிமனிதரையும் விசாரணையின்றிப் பயங்கரவாதி என்று அரசிதழில் அறிவிக்க வழி செய்தது. தடாவுக்கும் பொடாவுக்கும் ஆயுள்கெடு இருந்தது. குறிப்பிட்ட ஆண்டு வந்தால் நாடாளுமன்றம் கூடி நீட்டிப்பதா நிறுத்துவதா என்று பேசியாக வேண்டும். உபாவுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. அது நிரந்தரச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆவது பிரிவிலும் பயங்கரவாதச் செயல் தனிக் குற்றமாக இடம்பெற்று, பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

பிணை விதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உபாவின் 43டி(5) சொல்வது இது: போலீஸ் தாக்கல் செய்த குறிப்பேட்டையோ குற்றப்பத்திரிகையையோ படித்ததும் குற்றச்சாட்டு மேலோட்டத்தில் உண்மை என்று தோன்றினால் பிணை தரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சான்று இந்தக் கட்டத்தில் வராது. அரசுத் தரப்புச் சான்றை எடைபோட்டுப் பார்க்கவும் கூடாது என்று 2019 ஏப்ரலில் வடாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஒரு தரப்பு எழுதிய தாளை அந்தத் தரப்பின் கண்ணாலேயே நீதிபதி படிக்க வேண்டிய நிலை. 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் ஒரு சன்னல் திறந்தது. விசாரணை விரைவில் முடியும் வாய்ப்பில்லாமல் ஆண்டுகள் கழிந்தால், 21-ஆவது பிரிவின் அடிப்படையில் பிணை தரலாம் என்றது தீர்ப்பு. எந்த நீதிபதி எந்தத் தீர்ப்பைப் பின்பற்றுகிறார் என்பதைப் பொறுத்தே இன்று பல மனுக்களின் விதி அமைகிறது. தடை செய்யப்பட்ட பாப்புலர் ஃபிரண்ட் அமைப்பைச் சேர்ந்த எட்டுப் பேருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் பிணை வழங்கியது. 2024 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விசாரணையை விரைவுபடுத்துமாறு கூறியது.

2016 முதல் 2020 வரை உபாவில் 24,134 பேர்மீது வழக்கு இருந்ததாகவும், அந்தக் காலத்தில் 212 பேர் தண்டிக்கப்பட்டு 386 பேர் விடுதலையானதாகவும் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முடிவு எட்டிய வழக்குகளில் தண்டனையைவிட விடுதலையே அதிகம். முடிவே எட்டாதவர்கள்தாம் பெரும்பான்மை. பிரிட்டனில் பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவரைக் குற்றம் சாட்டாமல் 14 நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நம் சட்டம் தரும் 180 நாள்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும்.

வழக்கே இல்லாமல் அடைத்து வைக்கும் வழி வேறு. இலங்கைத் தமிழர்களுக்கான சிறப்பு முகாம்கள் அந்த வகை. வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி ஆகிய ஊர்களில் வெவ்வேறு காலங்களில் அவை இயங்கின. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டப்படி, ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அரசு உத்தரவிட முடிந்தது. அந்த இடம் பூட்டிய வாசலும் போலீஸ் காவலும் உடைய கட்டடமாக இருக்கலாம் என்பதுதான் நடைமுறை விளக்கமாக இருந்தது. இதற்குக் கால வரம்பு இருக்கவில்லை, காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் இருக்கவில்லை, குற்றச்சாட்டும் தேவைப்படவில்லை. நீதிமன்றத்தில் பிணை கிடைத்து வெளியே வருபவரைச் சிறை வாசலிலேயே முகாமுக்குக் கொண்டுபோக முடிந்தது. பூந்தமல்லி முகாமில் இருந்தவர்கள் விடுதலை கேட்டுப் பலமுறை உண்ணாவிரதம் இருந்தனர். ராஜீவ் வழக்கில் எஞ்சிய ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தபோது, அவர்களில் இலங்கையைச் சேர்ந்த நால்வர் போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு. அவர்களுள் சாந்தன், தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த நிலையில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதிலும் உண்டு.

பாதுகாப்பு என்ற சொல் பயங்கரவாதத்தோடு நின்றுவிடுவதில்லை. பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள ஆவடியில் அது தொழிற்சாலை வாசலுக்கு வந்தது. 1960-களில் தொடங்கி விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் ஆவடியின் பிழைப்போடு பின்னிப் பிணைந்தவை. நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் கார்ப்பரேஷன்களாக மாற்றுவது என்று மத்திய அரசு 2021 ஜூனில் முடிவு செய்தது. தொழிற்சங்க சம்மேளனங்கள் ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. ஜூன் 30 அன்றே அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஆகஸ்டில் அது சட்டமானது. கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும், மிகைநேர வேலைக்கு மறுப்பதும்கூட அதன் வரையறைப்படி வேலைநிறுத்தம். பங்கேற்றால் ஓராண்டுச் சிறை, தூண்டினால் இரண்டாண்டு. விசாரணை இல்லாமலே வேலையிலிருந்து நீக்கவும் வழி இருந்தது. அக்டோபர் 1 அன்று தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன. அவற்றுள் ஒன்றான கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடி.

இந்தச் சட்டத்துக்கு ஓராண்டே ஆயுள் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஓராண்டில் செய்ய வேண்டிய வேலையை அது செய்து முடித்தது. போர் நடக்கவில்லை. படைக்கு ஆயுதம் நின்றுபோகும் நிலையும் இல்லை. நிர்வாக மாற்றம் ஒன்றைத் தொழிலாளர் எதிர்க்காமல் இருக்கவே இந்தப் பாதுகாப்புச் சட்டம் பயன்பட்டது. 2003-இல் தமிழ்நாடு அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தின்போது அத்தியாவசியச் சேவைகளுக்கான டெஸ்மா சட்டத்தால் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வேலை இழந்ததையும், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னதையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு 2021 புதிதாகத் தெரிந்திருக்காது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் உபாவைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பங்கள் ஏராளம். ‘குண்டாஸ்’ தெரியாத தெரு கிடையாது. அப்படி அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாட்டுச் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் என்று தொடங்கியது. 2004-இல் திருட்டு வீடியோ தயாரிப்போரும், பின்னர் மணல் கடத்துவோரும், இணையவழிக் குற்றவாளிகளும் சேர்ந்தனர். காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ கையெழுத்திட்டால் ஒருவரை ஓராண்டு அடைத்து வைக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் ஆவடி தனிக் காவல் ஆணையரகம் ஆனதால் இப்பகுதிக்கு அந்தக் கையெழுத்து உள்ளூரிலேயே கிடைக்கிறது. தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக இந்தியாவின் முன்வரிசையில் இருக்கிறது. அதற்குப் பெருங்காரணம் இந்தச் சட்டம்.

நடைமுறை இப்படிப் போகும். அடிதடி வழக்கிலோ வழிப்பறி வழக்கிலோ ஓர் இளைஞர் புழல் சிறையில் இருப்பார். வீட்டில் பிணைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் உத்தரவு சிறைக்கே போய்ச் சேரும். ஐந்து நாளுக்குள் காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய தாள்கட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். நீதிமன்ற வட்டாரத்தில் அதற்குப் பெயர் ‘புக்லெட்’. பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புதல், ஏழு வாரத்துக்குள் கழகத்தின் கருத்து. கழகத்தின்முன் வழக்கறிஞரோடு போக உரிமை இல்லை. தாயோ மனைவியோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார். அங்கே அந்த இளைஞர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியே எழாது. புக்லெட்டின் இன்ன பக்கம் மங்கலாக இருக்கிறது, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, மனுவைப் பரிசீலிக்க அரசு காரணமின்றி நாள் கடத்தியது என்ற அடிப்படையில் உத்தரவுகள் ரத்தாகின்றன. ரத்தாவதற்குள் மாதங்கள் போய்விடும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்றால் வேலை போயிருக்கும்.

பிணையில் வெளிவந்துவிடுவார் என்ற அச்சத்துக்காகத் தடுப்புக் காவலைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2011-இல், சென்னையிலிருந்து போன ரேகா வழக்கிலேயே கண்டித்தது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது. லோகியா வழக்கில் அதற்கு நாற்பத்தைந்து ஆண்டு முன்பே நீதிபதி இதாயத்துல்லா மூன்று வட்டங்கள் வரைந்து காட்டினார். சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம். அதற்குள் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே மிகச் சிறிய வட்டமாக அரசின் பாதுகாப்பு. தெருச் சண்டை பெரிய வட்டத்தில் மட்டும் நிற்கும் விவகாரம். அதை உள்வட்டத்துக்கு இழுத்துப் போடும் உத்தரவுகள் இன்னும் கையெழுத்தாகிக்கொண்டிருக்கின்றன.

அறிவுரைக் கழகமின்றி மூன்று மாதம் வரை அடைத்து வைக்க அரசியலமைப்பு இடம் தருகிறது. மிசாவின் கசப்பை நேரில் கண்ட நாடாளுமன்றம் இதைத் திருத்த முனைந்தது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தத்தின் 3-ஆவது பிரிவு, அந்தக் காலத்தை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. அறிவுரைக் கழகத்தின் தலைவர் பணியிலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மத்திய அரசு ஒரு தேதியைக் குறித்து அரசிதழில் அறிவித்தால் போதும், அது நடைமுறைக்கு வந்துவிடும். திருத்தத்தின் மற்ற பிரிவுகள் 1979-இலேயே வந்தன. அதன்பின் டெல்லியில் எல்லா முக்கியக் கட்சிகளும் ஆட்சியில் அமர்ந்துவிட்டன. 3-ஆவது பிரிவுக்கான தேதி இன்றுவரை அறிவிக்கப்படவில்லை.